பூசணி டொஃபி

நீலகிரியில் எங்கள் பிக்கட்டியில் தென்மேற்குப் பருவமழை அடங்க செப்டம்பர் கடைசி ஆகிவிடும். குந்தா மலைப் பக்கத்து மழையைச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதுதான் தமிழ்நாட்டில் பாதிப்பேர் அந்த ஊரின் பெயரையே கேள்விப்பட்டார்கள். என் சின்ன வயதிலும் ஆடி, ஆவணி முழுக்க லைன் வீட்டில் துணி காயாது. விறகு புகையும். தீப்பெட்டி நமுத்துவிடும் என்று அடுப்புத் திண்டின் மேலேயே வைத்திருப்போம். அப்புறம் புரட்டாசியில் ஒரு நாள் காலையில் மூட்டம் விலகி, எதிர்ச் சரிவுத் தேயிலை பளிச்சென்று தெரியும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொஞ்ச நாள் வெயில் கிடைக்கும். ஊட்டியில் இதை இரண்டாம் சீசன் என்று சொல்லிப் பூங்காவில் பூத்தொட்டி அடுக்குவார்கள். எங்கள் வரிசை வீடுகளில் அந்த வெயிலில்தான் பூசணி டொஃபி கிண்டுவார்கள்.

கிண்டுவது என் அம்மாயி. அம்மாவைப் பெற்றவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கொஞ்ச காலம் துரை பங்களா சமையற்கட்டில் பாத்திரம் கழுவி, எழுபதுகளில் தாத்தாவோடும் பிள்ளைகளோடும் தலைமன்னாரில் கப்பலேறியவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த ஐந்தே கால் லட்சத்தில் எங்கள் வீட்டு ஆட்களும் அடக்கம். இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நீலகிரி. அரசாங்கம் 1968இல் வனத்துறை மூலம் தொடங்கிய தேயிலைத் திட்டம் இப்படி வந்தவர்களுக்காகத்தான். பின்னாளில் அது டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. எங்கள் குடும்பத்துக்கு அதில் இடம் அமையவில்லை. மஞ்சூர்ப் பக்கம் தனியார் தோட்டத்தில் வேலை கிடைத்து, பிக்கட்டியில் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரில் எங்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். அம்மாயியும் கடைசிவரை வீட்டை லயம் என்றும் அறையைக் காம்பரா என்றும் சர்க்கரையைச் சீனி என்றும்தான் சொன்னார்.

அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் அடி கனத்த அலுமினியத் தாச்சி ஒன்று இருந்தது. துணிக்குள் மடித்து வைத்த கறுவாப்பட்டையும் இருந்தது. கப்பலேறும்போது இதையெல்லாமா எடுத்து வைப்பார்கள் என்று அம்மா கேட்டதற்கு, “பெரிய சாமானெல்லாம் அங்கேயே வித்துட்டு வந்தாச்சு. இதை யாரு வாங்குவா?” என்றாராம்.

இலங்கையில் பால் டொஃபி எல்லோருக்கும் தெரிந்த தின்பண்டம். டின் பால் என்னும் கண்டென்ஸ்டு மில்க், சீனி, வெண்ணெய், முந்திரி, ஏலக்காய். கிளறித் தட்டில் கொட்டித் துண்டு போடுவது. பண்டிகை என்றால் தமிழர் வீட்டிலும் சிங்களவர் வீட்டிலும் இருக்கும். அம்மாயி அதைப் பங்களாவில் சமைத்த அப்புவிடம் பார்த்துப் பழகியிருக்கிறார். பங்களாவுக்குச் செய்யும்போது அந்த மனிதர் அதைப் பாகு காய்ச்சி, ஆறவிட்டு, அடித்து, வாயில் போட்டால் கரையும்படி எடுப்பாராம். வெள்ளைக்காரர்கள் ஃபட்ஜ் என்று சொல்லும் பண்டத்தின் பதம் அதுதான். பூசணியைச் சேர்த்தது மட்டும் பிக்கட்டிக்கு வந்த பிறகு.

சேர்த்ததற்குக் காரணம், பூசணி சும்மா கிடைத்தது. லைன் வீடுகளுக்குப் பின்னால் சாணமும் சாம்பலும் கொட்டும் எருக்குழி. அதன் மேட்டில் ஒரு கொடி தானாக முளைத்துக் கிளம்பி வேலி மேலேறி, பக்கத்து நிலத்துக்குள்ளும் போய்விடும். அந்த நிலம் ஒரு படகர் வீட்டாருடையது. அந்த வீட்டு ஹெத்தெ, அதாவது பாட்டி, வெள்ளை முண்டும் தலைத்துண்டுமாகக் காலையில் எருமையை ஓட்டிக்கொண்டு வேலியோரம் வருவார். அவர் பேசுவது படகு மொழி. அம்மாயி பேசுவது மலைநாட்டுத் தமிழ். இரண்டு பேரும் அவரவர் பாஷையிலேயே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். கொடி யாருடையது என்ற கேள்வி அவர்களுக்குள் வந்ததே இல்லை. இந்தப் பக்கம் காய்த்தது எங்களுக்கு, அந்தப் பக்கம் காய்த்தது அவர்களுக்கு. ஆனால் வெண்ணெயும் எருமைப் பாலும் அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

பூசணிக்கு மலையில் ஒரு கெடு உண்டு. கார்த்திகையில் உறைபனி விழ ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் கொடி கருகிவிடும். அதனால் புரட்டாசி வெயிலில் காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத அளவுக்கு முற்றியதை அறுத்து, கூரைக்கடியில் பரணில் வரிசையாக வைத்துவிடுவோம். அறுத்த கையோடு அம்மாயி தொடமாட்டார். பத்துப் பதினைந்து நாள் கிடக்க வேண்டும். கிடந்தால் உள்ளே மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகி இனிப்பு கூடும். இளங்காயில் செய்த டொஃபியில் பச்சை வாடைதான் அடிக்கும்.

இனி கிண்டும் நாளைச் சொல்கிறேன். காலையில் கொழுந்துக்குப் போனவர்கள் மத்தியானம் இலை எடை போட்டுத் திரும்பிய பிறகுதான் அடுப்பு மூட்டுவார். விறகு, தேயிலைக் கவாத்துக் குச்சி. கவாத்து வெட்டும்போது பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அடுக்கி வைப்பார்கள். சீகை விறகு சடசடவென்று எரிந்து அடங்கிவிடும். கவாத்துக் குச்சி நின்று எரியும், தணலும் கெட்டியாக இருக்கும். பாகு காய்ச்ச அதுதான் ஏற்றது என்பது அம்மாயி கணக்கு. எனக்கும் இன்றுவரை அதில் மாற்றுக் கருத்து இல்லை.

முதலில் பூசணி. தண்ணீரில் வேகவைக்கவே மாட்டார். பெரிய துண்டுகளாகப் பிளந்து, விதையை வழித்து, தோலோடு தணலின் மேல் கவிழ்த்துச் சுடுவார். பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். வேகவைத்தால் இன்னும் ஊறும். சுட்டால் வற்றும், லேசாகக் கருகிய இனிப்பும் ஏறும். வெந்த சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, மெல்லிய துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்து, வெறும் தாச்சியில் போட்டுக் கிளறுவார். கரண்டியை இழுத்தால் தாச்சியின் அடி தெரிந்து, அந்தக் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். பெரிய காயில் பாதியைப் போட்டால் கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் விழுதுதான் தேறும். அவ்வளவு போதும். அதிகம் போட்டால் மணமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பூசணியின் நாரும் ஈரமும் சர்க்கரை மணியாவதைத் தடுத்துவிடும். அப்போது அது அல்வா ஆகிவிடும். அல்வாவும் நல்ல பண்டம்தான், ஆனால் துண்டு நிற்காது.

டின் பால் வாங்கக் காசு இல்லாத வருஷங்களில் எருமைப் பால். ஒரு லிட்டரைக் கால் பங்காகச் சுண்டவிடுவார். அதற்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனி. ரேஷன் சீனியை அதற்காகவே ஆவணியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருப்பார். பாலும் சீனியும் விழுதும் சேர்ந்து அடுப்பேறும். கொதி வருவதற்கு முன்பே சீனி முழுக்கக் கரைந்தாக வேண்டும். தொட்டு இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். நறநறத்தால் தீயை இழுத்துவிடுவார். கரைந்து கொதி வந்ததும் ஒரு தட்டைப் போட்டுச் சற்று மூடிவைப்பார். ஆவி எழும்பித் தாச்சியின் ஓரத்தில் ஒட்டிய சீனியைக் கழுவி உள்ளே இறக்கிவிடும். ஓரத்தில் ஒரு மணி தங்கினாலும் அதைப் பிடித்துக்கொண்டு பாகு முழுவதும் மணி கட்டிவிடும் என்று பள்ளிக்கூடமே போகாத அம்மாயிக்குத் தெரிந்திருந்தது. கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் எனக்கு அதன் காரணம் விளங்கியது.

பிறகு நடுத்தரத் தீயில், அடி பிடிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாகக் கிளறல். பக்கத்தில் ஒரு கிண்ணம் ஊற்றுத் தண்ணீர். பாகில் ஒரு சொட்டை எடுத்து அதில் விடுவார். முதலில் கரையும். அப்புறம் நூலாகப் படியும். அப்புறம் விரலால் கூட்டினால் மெத்தென்று ஓர் உருண்டை வரும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் அந்த உருண்டை விரல் மேல் தளர்ந்து தட்டையாகும். அதுதான் பதம். உடனே இறக்கிவிட வேண்டும்.

இறக்கியதும் ஓர் எலுமிச்சம்பழ அளவு வெண்ணெயை மேலே வைப்பார். பொடித்த கறுவா, ஒரு கிராம்பு, கொஞ்சம் சுக்கு, ஜாதிக்காயை நாலு தேய். வைத்துவிட்டுக் கிளறமாட்டார். தாச்சியைத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் நாலைந்து பிள்ளைகள் சுற்றி நிற்போம். “ஏ புள்ள, கரண்டியைத் தொட்டே, கையை முறிச்சிருவேன். ஆறட்டும்.” இத்தனை செய்முறையிலும் இந்த ஆறவிடுதல்தான் உயிர் என்பேன். சூட்டோடு கிளறினால் சீனி பெரிய பெரிய மணியாகி நாக்கில் மணல் உரசும். தாச்சியின் அடியில் உள்ளங்கை வைத்தால் பொறுக்கிற சூடு வரை, அதாவது 45, 50 டிகிரி வரை, அசையாமல் ஆறினால் பாகு அளவுக்கு மீறிய சீனியைத் தாங்கிக்கொண்டு தெளிந்து நிற்கும். அப்போது அடிக்கத் தொடங்கினால் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான மணிகள் பிறக்கும். எண்ணிக்கை பெருகுவதால் ஒவ்வொன்றும் பொடியாகவே இருக்கும். நாக்குக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. வெண்ணெய் தின்பது மாதிரி வழுக்கும்.

அடிப்பது தோள் வேலை. அம்மா, சித்தி, பக்கத்துக் காம்பரா அக்கா என்று மாற்றி மாற்றி மரக்கரண்டி பிடிப்பார்கள். முதலில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் நூலாக வழியும். கொஞ்ச நேரத்தில் கனக்கும். பிறகு ஒரு நொடியில் அந்தப் பளபளப்பு மங்கி, மேல்பரப்பு சுண்ணாம்பு பூசிய சுவராகும். அம்மாயி கண் அதற்காகவே காத்திருக்கும். “ஊத்து!” என்பார். வெண்ணெய் தடவிய தட்டில் கவிழ்த்துத் தட்டிப் பரப்பிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் தாச்சியிலேயே இறுகிவிடும்.

ஜாதிக்காயும் கிராம்பும் எங்களுக்கு வந்த வழி ஒன்று உண்டு. அப்பா தேயிலை மூட்டை ஏற்றும் லாரியில் வேலை பார்த்தார். குன்னூர் இறங்கி மேட்டுப்பாளையம் போகும் வழியில் பர்லியாறு. சாலையோரக் கடைகளில் வாசனைச் சாமான் விற்பார்கள். பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணை 1871இல் வைத்தது. அதற்குக் கீழே கல்லாறு பண்ணை 1900இல். ஜாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் அந்தச் சரிவில் விளைகின்றன. அமெரிக்காவில் அக்டோபர் பிறந்தால் பூசணி மசாலா என்று ஒரு கலவை காப்பி முதல் கேக் வரை ஏறிவிடுகிறது. மெக்கார்மிக் கம்பெனி 1934இல் அதைப் பொடியாகவே டப்பாவில் போட்டது. 2003இல் ஸ்டார்பக்ஸ் அதைக் காப்பியில் கலந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிக்கொடுத்தது. பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சி, இவ்வளவுதான் அதில் முக்கியம். அந்த மணத்துக்கு வேண்டிய மரங்களெல்லாம் எங்கள் மலையின் இடுப்பில் நிற்கின்றன. அம்மாயி எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அதே மணத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஃபட்ஜுக்கும் வயது அதிகமில்லை. 1886இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு பவுண்டு நாற்பது சென்ட் என்று விற்றதாக எமலின் ஹார்ட்ரிஜ் என்ற பெண் கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாசர் கல்லூரியில் படித்தபோது 1888இல் அந்தச் செய்முறையை வாங்கி, கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு கிண்டினாராம். அங்கிருந்து மற்றப் பெண்கள் கல்லூரிகளுக்கும் விடுதி அறைகளுக்கும் பரவியது. பெண்கள் கூடி நின்று தோள் வலிக்க அடித்து வளர்த்த பண்டம் என்பதால் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஊட்டியில் கமர்ஷியல் ரோட்டில் கிங் ஸ்டார் கடை 1942இலிருந்து சாக்லேட்டும் ஃபட்ஜும் விற்கிறது. சம்பளம் வாங்கிய பின் அப்பா ஒருமுறை அங்கே கூட்டிப்போய் ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தார். நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் கொடுத்தேன். வாயில் போட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “நல்லா ஆறவிட்டிருக்கான்” என்றார். தொழில்காரி இன்னொரு தொழில்காரனுக்குக் கொடுத்த மரியாதை அது.

ஆயுத பூஜையன்று பிக்கட்டி கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரங்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வெள்ளைப் பூசணி உடைபடும். பொரி, கடலை கொடுப்பார்கள். அன்று மாலை எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு மஞ்சள் பூசணி டொஃபி போகும். ஹெத்தெக்குத் தனித் தூக்கில். அந்தத் தூக்கு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. அவரையோ உருளைக்கிழங்கோ ஏதாவது இருக்கும்.

நான் கல்யாணமாகித் திருப்பூர் வந்த பின்னும் வருஷா வருஷம் செய்கிறேன். இங்கே சந்தையில் அரசாணிக்காய் என்று கேட்டால் மேட்டுப்பாளையம் காய் கிடைக்கும். பாகுக்கு ஒரு வெப்பமானியும் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பிக்கட்டிக்கும் கொண்டுபோய்ப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. புத்தகங்களில் இந்தப் பதத்துக்கு 112 முதல் 116 டிகிரி என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் பிக்கட்டியில் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாகும் அப்படித்தான். அங்கே 107, 108 வரும்போதே மெத்தென்ற உருண்டை வந்துவிடும். புத்தகத்தை நம்பி 114 வரை விட்டால் கல்லாகும். திருப்பூரில் ஒரு டிகிரி குறைத்தால் போதும். அம்மாயியின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு இந்தக் கழித்தல் எதுவும் தேவையில்லை. ஹட்டனிலும் பிக்கட்டியிலும் திருப்பூரிலும் அது ஒரே பதத்தைத்தான் சொல்லும்.

அம்மாயி இப்போது இல்லை. அந்த வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைக்கும் வந்துவிட்டார்கள். போன வருஷம் ஊருக்குப் போனபோது எருக்குழி மேட்டில் கொடி இருந்தது. நாலைந்து காய் பறிப்பாரில்லாமல் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் தெருவுக்குத் தெரு ஹோம்மேட் சாக்லேட் கடை. அந்த உயரத்தில் கோகோ விளையாது. எல்லாம் கீழேயிருந்து வருகிறது. விற்கட்டும், அதில் பலருக்குப் பிழைப்பு இருக்கிறது. ஆனால் மலை எருவில் முளைத்த காய், மலை எருமைப் பால், மலைச்சரிவின் ஜாதிக்காய் என்று சீனியைத் தவிர எல்லாமே நீலகிரியில் பிறக்கும் ஓர் இனிப்புக்கு அந்தக் கடைகளில் ஓர் அடி அலமாரிகூட இல்லை. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வர்க்கி அடுப்பில் நின்றவர்களின் கைத்திறமையை நாடு ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். லைன் வீட்டுப் பெண்களின் கைத்திறமையும் அதற்குக் குறைந்ததல்ல.

மஞ்சூர், பிக்கட்டி, எடக்காடு பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் லைனில் பால் டொஃபி கிண்டத் தெரிந்த பாட்டி ஒருவராவது இன்னும் இருப்பார். அவரை உட்காரவைத்து ஒரு தரம் செய்யச் சொல்லிப் பாருங்கள், அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் சீசனில் வருகிற பயணிகளுக்கு விற்றுப் பாருங்கள். காற்றுப் புகாத டின்னில் வைத்தால் பத்து நாளுக்கு மேல் தாங்கும்.

வீட்டில் செய்யப்போகிறவர்களுக்கு அளவு இது. ஒரு டின் பால், அரை கிலோ சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர், நன்றாக வற்றிய பூசணி விழுது அரை டம்ளர், ஐம்பது கிராம் வெண்ணெய். காம்பு காய்ந்த, தோலில் நகம் இறங்காத காயாகப் பார்த்து வாங்குங்கள். இறக்கிய பிறகு, தாச்சியின் அடி உள்ளங்கைக்குப் பொறுக்கும்வரை கரண்டியைத் தொடாதீர்கள்.